விசில் எனக்கு வேண்டாம்

செப்டம்பர் 8

இன்றைக்குத் தையல் பிரித்தார்கள். வலது முழங்காலை அறுத்து, தேய்ந்துபோன எலும்பைச் சீவி எடுத்துவிட்டு, உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்து மூடியிருக்கிறார்கள். இடதுகால் மட்டும்தான் இப்போது என் அம்மா பெற்றது.

பெரியாஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண்ணின் பெயர் நஸ்ரின். என் மகளைவிடச் சின்னவள். தினமும் என்ன பயிற்சி செய்தேன், எத்தனை தடவை செய்தேன் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன். என் படிப்பு ஐந்தாவதோடு சரி. பிழை இருந்தால் நஸ்ரின் திருத்திக்கொள்ளட்டும்.

எத்தனை தடவை என்று மட்டும் எழுத மாட்டேன். முப்பது வருசம் பீடி சுற்றி, பீடியை எண்ணியே என் ஆயுள் தேய்ந்தது. காலையும் எண்ண முடியாது.

செய்தது: பாதத்தை மேலும் கீழும் ஆட்டினேன். குதிகாலைப் பாயோடு இழுத்து மடக்கினேன். திட்டினேன்.

செப்டம்பர் 10

நாத்தனார் வந்து போனாள். முப்பிடாதி. என் வீட்டுக்காரரின் தங்கச்சி, எனக்கு ஒரு வயது இளையவள். எங்கள் கீழத்தெருவிலேயே பிறந்து, கீழத்தெருவிலேயே கட்டிக்கொடுத்து, நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். புருசன் இல்லை. மகன் திருப்பூரில்.

நோயாளியைப் பார்க்க வந்தால் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இவள் போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறாள்.

"மொத ராத்திரி ரொம்ப வலிச்சிச்சா மைனி? சத்தம் போட்டியா? அறுக்கும்போது முழிச்சிருந்தியா? காதுல கேட்டுச்சா?"

தெரு முழுக்கப் போய்ச் சொல்வதற்குத்தான் கேட்கிறாள் என்று தெரியாதா எனக்கு?

"கேட்டுச்சே. மரக்கடையில பலக அறுத்த மாதிரி கேட்டுச்சி. டாக்டரு நடுவுல பசிக்குன்னு வட திங்கப் போயிட்டாரு. பாதி அறுத்தபடி கெடந்தேன்" என்றேன்.

முகம் செத்துப்போயிற்று அவளுக்கு. காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். போகும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு இன்றைக்குப் பூராவும் சிரிப்பு.

செப்டம்பர் 21

நடக்கிறேன், கம்பி வாக்கரைப் பிடித்துக்கொண்டு. தெருப் பிள்ளைகளுக்கு வேடிக்கை.

நஸ்ரின் கேட்டாள், "காலு சரியானதும் என்ன செய்யணும்னு ஆசைம்மா? கோயிலுக்குப் போகணும், மாடி ஏறணும், அப்படி ஏதாவது சொல்லுங்க. அதுக்குத் தக்கன பயிற்சி தரலாம்."

"பந்து எறியணும்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அவளுக்கு எங்கள் தெருவைத் தெரியாது. காணும் பொங்கலன்று கீழத்தெருவில் பெண்களுக்கு எறிபந்துப் போட்டி. ஒரு பக்கம் இந்தத் தெருவில் பிறந்தவளுவ, மறுபக்கம் இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுவ. அதாவது நாத்தனார்மாருக்கும் மைனிமாருக்கும் சண்டை. வருசம் முழுக்க வாயால் நடப்பது அன்றைக்கு ஒருநாள் பந்தால் நடக்கும். பெரியவள் சின்னவள், மாமியார் மருமகள் எதுவும் கிடையாது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டுக்குள் ஒருத்தி கால் வைத்துவிட்டால், வெளியே போ என்று சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. அதுதான் வழக்கம்.

கல்யாணமாகி வந்த முதல் பொங்கலில் எனக்கு இந்தத் தெருவில் யார் பெயரும் தெரியாது. வீட்டில் சத்தமாகத் தும்மக்கூடப் பயம். அன்றைக்கு என்னைப் பின்வரிசை இடதுமூலையில் நிறுத்தினார்கள். என் கையிலிருந்து போன பந்து, இந்தத் தெருவிலேயே பிறந்து எதிர்ப்பக்கம் நின்ற மாமியாரின் காதை உரசிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் எனக்குக் குழம்பு ஊற்றும்போது என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அந்த மூலை என்னுடையது. போன இரண்டு வருசம் காலை இழுத்துக்கொண்டு நின்றேன். இந்த வருசம் நேராக நிற்பேன்.

அக்டோபர் 4

மறுபடியும் பீடி சுற்றப் போகிறேன். பூலம்மாள் வீட்டு முன்கூடத்தில்தான் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து சுற்றுவோம். எல்லோரும் தரையில், மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். நான் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில், சுளகு முக்காலி மேல். தரையில் சம்மணம் போடக்கூடாதாம்.

"ஆபீசரு வந்தாச்சி. எல்லாரும் எந்திரிங்கட்டி" என்றாள் பூலம்மாள். அவள்தான் எங்கள் வந்தவளுவ அணிக்குத் தலைவி.

"எந்திரிக்க வேண்டாம். இருந்தபடியே கும்பிட்டாப் போதும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முப்பிடாதி சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் இப்போது புதுப்பழக்கம் ஒன்று பிடித்திருக்கிறாள். எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து சுவரோரம் உட்கார்ந்துகொள்கிறாள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருக்கிறாள். "நீங்க போங்க, நான் இந்தக் கட்ட முடிச்சிட்டு வாரேன்" என்கிறாள். தனியாக இருந்து பூலம்மாளிடம் என்னைப்பற்றி ஓதுகிறாள், வேறென்ன.

அக்டோபர் 15

எரிச்சல். எனக்காக வீட்டில் உட்கார்ந்து போகிற கக்கூஸ் வைத்தார்கள். கீழே குந்தக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் என் வீட்டுக்காரர் அலைந்து திரிந்து வைத்தது. இப்போது நான் போகப் போனால் உள்ளே முப்பிடாதி இருக்கிறாள்.

"எங்க வீட்டுல தண்ணி வரல மைனி."

நேற்றும் வரவில்லை. முந்தாநாளும் வரவில்லை. ஒரே குழாய், ஒரே தெரு. எனக்கு வருகிற தண்ணீர் அவளுக்கு மட்டும் எப்படி வராமல் போகிறது? ராணி மாதிரி உட்காரும் ஆசை. கதவை ஓங்கித் தட்டினேன். அவள் வெளியே வர ரொம்ப நேரம் ஆயிற்று.

அக்டோபர் 28

துணைக்கு என்று ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்த முப்பிடாதி பார்த்துக்கொண்டிருக்க, நஸ்ரின் என் காலைப் பிடித்து மடக்கினாள். நான் அவள் பரம்பரையையே இழுத்தேன். அவள் "இன்னும் கொஞ்சம்மா" என்கிறாள். இந்தக் கொஞ்சம் என்கிற சொல்லைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவன் முழங்காலை நான் மடக்குவேன்.

வீட்டுக்கு வந்து நானே மடக்கினேன். அவள் மடக்கியதைவிட அதிகமாக.

நவம்பர் 11

இன்றைக்குப் பூலம்மாள் என் கையில் ஒரு விசிலைத் தந்தாள். புது விசில், சிவப்புக் கயிறு போட்டது.

"என்னட்டி இது?"

"பொங்கலுக்கு நீதான் ரெப்ரி அக்கா. நாற்காலி போட்டு, மேல கொட கட்டி ஒன்னிய உக்கார வைக்கப் போறோம். பரிசும் ஒங்கையாலதான்."

"என் மூலையில யாரு?"

பூலம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள், "முப்பிடாதி மைனிதான் சொன்னாவ. நீ விழுந்து கிழுந்து உள்ள வச்சது ஒடஞ்சிட்டுன்னா யாரு பதில் சொல்லதுன்னு. நாயந்தான?"

எதிரணிக்காரி என் அணியில் யார் ஆட வேண்டும் என்று முடிவு செய்கிறாள். என் தலைவி அதற்குத் தலையாட்டுகிறாள்.

விசிலைச் சுளகில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். தூளோடு தூளாகச் சுருட்டி விற்கட்டும்.

நவம்பர் 12

பயிற்சி செய்தேன். ஒவ்வொரு தடவை காலைத் தூக்கும்போதும் அவள் பெயரைச் சொல்லித் தூக்கினேன். கால் நன்றாகத் தூக்குகிறது.

நவம்பர் 25

நஸ்ரின் வாயை விட்டுவிட்டாள். "அன்னைக்கு உங்ககூட வந்தாங்களே, நெட்டையா, உங்க நாத்தனார். போன வாரம் தனியா வந்து நிறையக் கேட்டுட்டுப் போனாங்க. எப்ப நடக்கலாம், சுகர் இருந்தா செய்வாங்களா, வீட்ல ஒத்தையில இருக்கிறவங்களை யாரு பாத்துக்கிறதுன்னு" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், என்ன நினைத்தாளோ, பேச்சை மாற்றிவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்குக் கொதித்தது. என்னை வேவு பார்க்க ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறாள். எனக்குச் சர்க்கரை என்று கட்டிவிட்டிருக்கிறாள். ஒத்தையில் இருக்கிறேனாம். என் புருசன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போதே அவரைச் சாகடித்துவிட்டாள். சொந்த அண்ணன் அவளுக்கு.

அவரிடம் சொன்னேன். "அவளே பாவம்" என்றார். அவள் என்ன பாவம் என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 7

ஒற்றைக்காலில் நிற்கிறேன், கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு. படியில் புதுக்கால் முதலில் ஏறுகிறது. பக்கவாட்டில் நண்டு மாதிரி நடக்கச் சொன்னாள் நஸ்ரின், நடக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரை முற்றத்தில் நிறுத்திப் பந்து எறிந்தேன். நடுவில் கொடியில் சேலை, அதுதான் வலை. அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. முதல் பந்து வயிற்றில் பட்டது.

"ஆவுடை, நான் என்ன செஞ்சேன்?"

"ஒங்க தங்கச்சிய நெனச்சிக்கிட்டேன்."

"அதுக்கு அவள நிறுத்து."

"நிறுத்தத்தான் போறேன்" என்றேன்.

டிசம்பர் 22

முப்பிடாதி தெருமுனையில் வைத்து எல்லோர் முன்னாலும் சபதம் போட்டுவிட்டாள். "ஆவுடை மைனி கோட்டுக்குள்ள வந்தா நான் இந்த வருசம் ஆட மாட்டேன். எங்க அண்ணன் பொண்டாட்டி கால ஒடச்ச பழி எனக்கு வேண்டாம்."

எல்லோரும் உருகிப்போனார்களாம். நாத்தனார் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பூலம்மாள் என்னிடமே சொல்கிறாள். ஆக, நான் ஆடினால் முப்பிடாதியின் ஆட்டத்தைக் கெடுத்த பாவி. ஆடாவிட்டால் குடைக்கு அடியில் பொம்மை.

இன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு அதிகம். தெரிந்துதான் போட்டேன்.

ஜனவரி 6

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். காலை மடக்கிப் பார்த்தார். நான் பந்து விசயத்தைச் சொன்னேன். நஸ்ரினும் பக்கத்தில் நின்று எனக்காகப் பேசினாள்.

"ஓடக்கூடாது. குதிக்கக்கூடாது. நின்ன எடத்துல சடக்குனு திரும்பக்கூடாது. பக்கத்துல வர்ற பந்தை மட்டும் பிடிச்சு எறியலாம். விழுந்தீங்கன்னா எங்கிட்ட வராதீங்க" என்றார்.

"விழ மாட்டேன் சார். எதிரிலே நிக்கிறவளுவதான் விழுவாளுவ."

அவர் சிரித்துவிட்டார். பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தது. உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன்.

ஜனவரி 14

பொங்கல். பால் பொங்கிற்று. நானும்தான்.

ஜனவரி 16

தூங்க வேண்டிய நேரம். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்குத் தெருவே கூடிவிட்டது. சொன்ன மாதிரியே குடை கட்டி, நாற்காலி போட்டு, அதில் சிவப்புக் கயிறு விசில். நான் நாற்காலிப் பக்கம் போனேன். விசிலை எடுத்தேன். ரேசன்கடை ராமலட்சுமி பக்கத்தில் நின்றாள், அவள் கழுத்தில் மாட்டினேன். சேலையை இழுத்துச் செருகினேன். நடந்துபோய் இடதுமூலையில் கால் வைத்தேன்.

பூலம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள். வழக்கம் வழக்கம்தான். அங்கே நின்ற புதுமருமகள் தானாக வெளியே போனாள்.

எல்லோரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள். அவள் பிறந்தவளுவ பக்கம் ஓரமாக நின்றாள். "நான்தான் சொன்னேன்லா. நான் ஆடல" என்றாள்.

விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. இரண்டு மாசமாக நெஞ்சில் வைத்திருந்தது.

"பயமாட்டி முப்பிடாதி? இரும்புக்காலுக்காரி எறிஞ்சா தாங்க மாட்டமின்னு பயமா? அப்படின்னா அந்த நாற்காலி சும்மாத்தான் கெடக்கு. போயி உக்காரு."

தெரு கைதட்டிச் சிரித்தது. அவள் முகம் சிவந்துவிட்டது. சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்து வலைக்குப் பக்கத்தில் நின்றாள். நெட்டை என்பதால் அவளை எப்போதும் முன்வரிசையில்தான் நிறுத்துவார்கள்.

முதல் பந்து என்னிடம் வந்தது. பிடித்தேன். உள்ளங்கையில் அந்த அடி விழுந்ததும் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. கால் நின்றது. எறிந்தேன். பின்வரிசையில் ஒருத்தி தவறவிட்டாள். எங்கள் பக்கம் ஒரே கூச்சல்.

அதற்குப் பிறகு நான் முப்பிடாதியைத் தவிர யாருக்கும் எறியவில்லை. எங்கள் பக்கம் மற்றவளுவ பிடிப்பதையும் கேட்டு வாங்கி அவளுக்கே எறிந்தேன். உயரத்தில் போனால் ஒரு கையால்கூடப் பிடித்துவிடுவாள். அதனால் வலையைத் தாண்டியதும் சொத்தென்று அவள் காலடியில் விழுகிற மாதிரி விட்டேன். அவள் பிடிக்கவில்லை. ஒரு எட்டு வைத்துக் குனிந்தால் கிடைக்கிற பந்து. அவள் நின்றபடியே பார்த்தாள். மறுபடி விட்டேன். மறுபடியும் நின்றாள்.

"என்னக்கா, குனிஞ்சா முதுகு ஒடஞ்சிருமா?" என்று அவள் அணிக்காரியே கத்தினாள். பையன்கள் விசிலடித்தார்கள். யாரோ "செல வச்சிருக்காவ டோய்" என்றான். நானும் சிரித்தேன்.

மூன்றாவதாக விட்டபோது அவள் குனியப் பார்த்தாள். பாதி போனாள். அங்கேயே நின்றாள். ஒரு கை வலைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு கை சேலையோடு சேர்த்து முழங்காலைக் கவ்விக்கொண்டது. பல்லைக் கடித்து, கண்ணை மூடாமல், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். இரண்டு வருசம் என் வீட்டுக் கண்ணாடியில் இருந்த முகம்.

பந்து சுற்றித் திரும்ப என் கைக்கு வந்தது. கடைசிப் புள்ளி. எறிந்தால் ஜெயித்துவிடுவோம். "முப்பிடாதிக்கு, முப்பிடாதிக்கு" என்று தெரு முழுக்கக் கத்துகிறது. அவள் வலைக்கு அந்தப் பக்கம் என்னையே பார்த்தாள். எறி என்கிற மாதிரியும் இருந்தது, எறியாதே என்கிற மாதிரியும் இருந்தது.

பந்தைக் கையில் ரொம்ப நேரம் வைத்திருக்கக்கூடாது. ராமலட்சுமி விசில் ஊதிவிட்டாள். அந்தப் புள்ளி அவர்களுக்குப் போயிற்று. அடுத்த இரண்டும் போயிற்று. தோற்றோம்.

"என்னக்கா ஆச்சி ஒனக்கு?" என்று பூலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கையெல்லாம் வேர்வை, பந்து வழுக்கியது என்று சொன்னேன். இங்கேயும் அதையே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 17

விடிந்ததும் முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். கதவு சும்மா சாத்திக் கிடந்தது. அடுப்பு பற்றவைக்கவில்லை. முற்றத்துத் தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது. அவள் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தாள். வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடினாள்.

"மூடாத. பாத்தாச்சி" என்றேன். "எத்தன வருசமாட்டி?"

"என்னது?"

"என்னதா? என் வாயக் கெளறாத."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "மூணு இருக்கும்" என்றாள்.

"எனக்கு முன்னாலயேவா? ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வாளுவ? கையில விசிலக் குடுத்து, கொடைக்கு அடியில உக்கார வச்சிருவாளுவ. அதோட முடிஞ்சிது."

"என்னைய அங்க உக்கார வச்சது நீதானட்டி."

போர்வை நுனியை விரலில் சுற்றினாள்.

"ஆமா" என்றாள்.

வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வசவு என் வாயில் நின்றது. அவள் ஏதாவது மறுத்துப் பேசியிருந்தால் கொட்டியிருப்பேன். ஆமா என்றால் என்ன செய்வது? அதிலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"நீ ஆட வந்தா, நான் ஆடாததுக்கு ஒரு சாக்கு கெடைக்குமின்னு பாத்தேன் மைனி. ஆனா நீ ஆடி, விழுந்து வச்சேன்னா... அப்புறம் எனக்கு அந்த ஆப்பரேசனுக்குப் போறதுக்கு தைரியமே வந்திருக்காது. ஒன்னையப் பாத்துத்தான் நான் யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

"என்னைய வெள்ளோட்டம் விட்டுப் பாத்திருக்க."

"ஆமா."

"இன்னொரு ஆமா சொன்ன, பல்ல ஒடச்சிருவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். எனக்கு வரவில்லை.

திங்கள்கிழமை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். வருகிறாயா என்று கேட்கவில்லை. எல்லாம் முடிந்து வந்தால் யார் வீட்டில் கிடப்பது என்று அவள் வாயைத் திறக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டேன், "எங்க வீட்டுலதான் கெடப்ப. எந்திரிச்சி நடக்கிற வரைக்கும் நான் பேசுததக் கேட்டுக்கிட்டே கெடப்ப. அதவிடப் பெரிய தண்டன ஒனக்கு எந்தக் கோர்ட்டும் குடுக்காது."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. போர்வையை உருவினேன். கொடியில் கிடந்த துண்டைச் சுருட்டி அவள் முழங்காலுக்கு அடியில் வைத்தேன்.

"அமுக்கு."

"என்னத்த?"

"துண்ட. முழங்காலால கீழ அமுக்கு. ஆப்பரேசனுக்கு முந்தியே கால்ல பலம் ஏத்தணும்."

அமுக்கினாள். தொடை நடுங்கியது. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்கி மைனி."

"வலிக்கட்டும்."

விட்டாள். மூச்சு வாங்கியது. போதுமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இன்னொரு தடவை என்றேன்.